அப்பா தவறினதுக்கு அப்புறம் பிஎம் கிசான் நின்னு போச்சு, நான் பெங்களூர்ல டாக்ஸ் கட்றேன், அம்மா பேருக்கு வாங்க முடியுமா?

ஊத்தங்கரை2பெங்களூரு

வணக்கம் மக்களே, இங்க பாதி பேருக்கு ஊர்ல நிலம் இருக்கும்னு நம்பி கேக்கறேன். நான் இருக்கறது சந்தாபுரால, வேலை பொம்மசந்திரா, சொந்த ஊரு ஊத்தங்கரை தாலுகால ஒரு கிராமம். அப்பா பேர்ல மூணே கால் ஏக்கர், அதுல ஒரு ஏக்கர் கிணத்துப் பாசனம், மீதி மானாவாரி, கடலக்கா போடுவாங்க இல்லன்னா குச்சிக்கிழங்கு.

அப்பா போன ஆனி மாசம் தவறிட்டார். மத்திய அரசு நிலம் இருக்க விவசாயிங்களுக்கு குடுக்கற பிஎம் கிசான் பணம் அவருக்கு 2019-ல திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து நாலு மாசத்துக்கு ஒரு தடவை 2000 ரூபா தப்பாம வந்துட்டிருந்தது. அவர் போனதுக்கு அப்புறம் ஆகஸ்ட்லயும் ஒரு தவணை விழுந்திருக்கு, பாஸ்புக் என்ட்ரி போட போனப்பதான் தெரிஞ்சது. 2025 நவம்பர்ல பிரதமர் கோயம்புத்தூர் வந்து 21-வது தவணைய ரிலீஸ் பண்ணாரே, அது வரல.

இப்ப வீட்டுல ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. சித்தப்பா, "அம்மாவுக்கு வயசாச்சு, எல்லாத்தையும் உன் பேருக்கே மாத்திக்கோ, அந்த ஆறாயிரமும் உனக்கே வரும்"ங்கறார். ஊத்தங்கரைல ஒரு பிரவுசிங் சென்டர்காரர் ஐநூறு குடுங்க, உங்க பேர்ல பதிஞ்சு தரேன்னு சொல்றார். நான் வருஷா வருஷம் இன்கம் டாக்ஸ் கட்றேன், ஃபார்ம் 16 எல்லாம் இருக்கு, அதனால எனக்கு தயக்கமா இருக்கு. அக்கா ஒருத்தி இருக்கா, கேஜிஎஃப்ல கட்டிக்குடுத்திருக்கு, அவ வீட்டுக்காரருக்கு பெமல்ல வேலை.

இன்னொரு விஷயம், நிலத்த இப்ப பாக்கறது எங்க ஒன்னுவிட்ட மாமா ஒருத்தர், பாதி வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல பாதி பாதி. ரொம்ப வருஷமாவே அவர்தான். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்ப ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை கொட்டி ரோட்டுல நிறுத்தின வேன் எல்லாம் அடிச்சுட்டு போன வீடியோ பாத்திருப்பீங்க, அதுல எங்க பயிரும் போச்சு. நிவாரணம் அப்பா அக்கவுண்டுக்குதான் வந்துச்சு, அப்பா அத அப்படியே மாமா கையில குடுத்துட்டார். இப்ப மாமா, "கிசான் பணத்துல எனக்கு ஏதாவது உண்டாப்பா"ன்னு கேக்கறார். என்ன சொல்றதுன்னே தெரியல. அம்மா பேருக்கு வாங்க முடியுமா, நான் டாக்ஸ் கட்றது அதுக்கு இடிக்குமா, ஆகஸ்ட்ல வந்த பணத்த என்ன பண்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மடிவாளா_மச்சி

ப்ரோ இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை, உன் பேர்லயே போட்டு விடு. எங்க ஊர்ல வாத்தியார் வாங்கறாரு, ஒரு கான்ட்ராக்டர் வாங்கறாரு, எவன் வந்து பாக்கப் போறான். வருஷத்துக்கு ஆறாயிரம்தான, உன் பைக்குக்கு பெட்ரோல் காசு.

அக்ரி_தாத்தா

மடிவாளா தம்பி சொல்றத கேக்காதீங்க. நான் வேளாண்மைத் துறைல இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப ராமமூர்த்தி நகர்ல பொண்ணு வீட்டுல பேரனை ஸ்கூலுக்கு விட்டுட்டு கூட்டிட்டு வர்ற டூட்டி. எனக்கும் நாலு ஏக்கர் இருக்கு, பென்ஷன் பத்தாயிரத்துக்கு மேல வர்றதால கிசான் பணம் எனக்குக் கிடையாது, அதனால பொறாமைல சொல்றேன்னு வேணா நினைச்சுக்கோங்க.

முதல்ல டாக்ஸ் விஷயம். கடைசி அசெஸ்மென்ட் வருஷத்துல வருமான வரி கட்டினவங்க இந்த திட்டத்துல வரமாட்டாங்க. அது மட்டுமில்ல, மத்திய மாநில அரசு வேலைல இருக்கவங்க, அரசு கம்பெனில இருக்கவங்க, ரிட்டயர் ஆனவங்க (கடைநிலை ஊழியர் தவிர), பத்தாயிரமும் அதுக்கு மேலயும் பென்ஷன் வாங்கறவங்க, பதிவு பண்ணி தொழில் பாக்கற டாக்டர், வக்கீல், ஆடிட்டர், எம்எல்ஏ, எம்பி, மேயர், இவங்க யாருக்கும் கிடையாது. ஆதார வச்சு வருமான வரி கணக்கோட ஒத்துப் பாக்கறாங்க. மாட்டினா வாங்கின எல்லா தவணையும் திருப்பிக் கட்டணும். அதனால உங்க பேர்ல போடறது வேலைக்கே ஆகாது.

ஆனா நீங்க டாக்ஸ் கட்றது அம்மாவுக்கு இடிக்காது. எங்க ஆபீஸ்லயே புதுசா வந்த பசங்க இதுல குழம்புவாங்க. இந்த திட்டத்துல குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, 18 வயசுக்குள்ள இருக்க பிள்ளைங்க, அவ்ளோதான். கல்யாணம் ஆகி பெங்களூர்ல இருக்க மகன் அம்மாவோட குடும்பத்துலயே வரமாட்டான். அம்மா பேர் பட்டால இருந்து, அம்மா டாக்ஸ் கட்டாதவங்களா இருந்தா, அம்மாவுக்கு உண்டு.

அடுத்தது தேதி. 2019 பிப்ரவரி 1-ந்தேதி யார் பேர்ல நிலம் இருந்ததோ அவங்களுக்குதான்னு ஒரு கணக்கு இருக்கு. அதுக்கு அப்புறம் கிரயம் வாங்கினது, தான செட்டில்மென்ட் எழுதினது எல்லாம் செல்லாது. ஒரே ஒரு விலக்கு, நிலத்துக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம். உங்க கேஸ் அதுதான். ஆன்லைன்ல புதுசா பதியறப்ப நிலம் எப்படி வந்துச்சுன்னு கேக்கும், அங்க இறப்பு வழியா வந்ததுன்னு குடுத்து அப்பாவோட விவரத்தையும் குடுக்கணும். இத சரியா போடாம ஏதோ ஒன்ன அமுக்கி விட்டா, "2019-க்கு அப்புறம் நிலம் வாங்கினவர்"னு சந்தேக லிஸ்ட்ல போய் உக்காந்துடும். இப்ப அந்த மாதிரி கேஸ், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தனித்தனியா வாங்கற கேஸ் எல்லாத்தையும் நிறுத்தி வச்சு நேர்ல வந்து பாத்துட்டுதான் விடறாங்க. பிரவுசிங் சென்டர்காரர் கிட்ட குடுக்காதீங்கன்னு நான் சொல்றது அதுக்குதான். ஐநூறு ரூபா போனா போகுது, அவர் அவசரத்துல அடிச்சு விடற ஒரு எழுத்துக்கு நீங்க மாசக்கணக்கா அலையணும்.

மடிவாளா தம்பிக்கு ஒரு ஞாபகம். 2020-ல கொரோனா சமயத்துல நம்ம தமிழ்நாட்டுல கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு ஆரம்பிச்சு அஞ்சரை லட்சம் பேரு தகுதி இல்லாம உள்ள புகுந்து 110 கோடி ரூபா போச்சுன்னு கண்டுபிடிச்சாங்களே, சிபிசிஐடி வந்து, கம்ப்யூட்டர் சென்டர்காரங்க, டெம்பரரி ஸ்டாஃப்னு எத்தனை பேரு உள்ள போனாங்க. நிலமே இல்லாத பாவப்பட்ட ஜனங்க அக்கவுண்ட்ல இருந்து பணத்த திருப்பி எடுத்தாங்க. அந்த சமயத்துல நான் சர்வீஸ்லதான் இருந்தேன், ஞாயித்துக்கிழமைகூட வீட்டுக்கு வீடு போய் லிஸ்ட் சரிபாத்தோம். எவனும் பாக்க மாட்டான்னு சொல்றவங்களுக்கு அத நேர்ல காட்டியிருக்கணும்.

ஆனேக்கல்_தோட்டம்

நாங்க மூணு தலைமுறையா ஆனேக்கல்ல இருக்க தமிழ் குடும்பம், ராகியும் ரோஜாவும் போடறோம். கர்நாடகா பக்கம் நிலம் இருக்கவங்களுக்காக இத எழுதறேன், சந்தாபுராகாரருக்கு உதவாது.

இங்க பட்டா சிட்டா கிடையாது, அதுக்குப் பதிலா பஹணிங்கற நிலப் பதிவுதான். அப்பா தாத்தா இறந்துட்டா நாடகச்சேரில (இங்க வருவாய்த் துறை ஆபீஸ்) "பவுதி காத்தா", அதாவது வாரிசு பேருக்கு மாத்தறது, போடணும். அது போடாம செத்துப்போன தாத்தா பேர்லயே பஹணி ஓடிட்டிருக்க வீடு எங்க ஊர்ல தெருவுக்கு நாலு இருக்கு, அவங்க யாருக்கும் எந்த மானியமும் வராது, வெள்ள நிவாரணம்கூட வராது. அடுத்தது ஃப்ரூட்ஸ்ங்கற மாநில அரசோட விவசாயி வெப்சைட்ல பதிஞ்சு எஃப்ஐடிங்கற விவசாயி நம்பர் வாங்கணும், இந்த நம்பர் இல்லாம ரைத்த சம்பர்க்க கேந்திரால (விவசாயத் துறை மையம்) ஒரு கிலோ விதைகூட மானியத்துல குடுக்க மாட்டாங்க. ராகி அரசு கொள்முதலுக்கும் அதேதான், 2025-26-ல குவிண்டாலுக்கு 4886 ஆதார விலை, வெளில யாவாரி அந்த விலைக்கு கிட்டவே வரமாட்டான், ஆனா எஃப்ஐடில எந்த சர்வே நம்பர்ல என்ன பயிர்னு ஏறியிருக்கணும், இல்லன்னா மூட்டைய திருப்பி ஏத்திட்டு வரணும்.

இன்னொன்னு, எடியூரப்பா இருந்தப்ப மத்திய அரசு ஆறாயிரத்தோட மாநிலம் ஒரு நாலாயிரம் சேத்து குடுத்துச்சு, சித்தராமையா வந்து 2023-ல அத நிறுத்திட்டாங்க. எங்கப்பா இன்னும் அந்த நாலாயிரம் எப்ப வரும்னு கேட்டுட்டு இருக்கார். மகாராஷ்டிரால இன்னும் மாநிலம் தனியா ஆறாயிரம் குடுக்குது, மும்பைல இருக்க எங்க சித்தி பையன் சொல்லி சொல்லி வெறுப்பேத்தறான்.

வாரக்காரன்_மகன்

எல்லாரும் அம்மா பேருக்கு எப்படி மாத்தறது, பஹணி எப்படி மாத்தறதுன்னு பேசறீங்க, கடைசி பாரால ஒருத்தர் கேட்ட கேள்விய யாரும் தொடல.

நான் ஒயிட்ஃபீல்டுல கேப் ஓட்றேன். ஊரு திருவண்ணாமலை பக்கம். எங்கப்பா நாப்பது வருஷமா அடுத்தவங்க நிலத்துல வாரத்துக்கு பண்றவரு. நிலத்துக்காரர் குடும்பம் மொத்தமும் இதே பெங்களூர்லதான் இருக்கு, ஜெயநகர்ல ரெண்டு வீடு. கிசான் பணம் அவங்க பாட்டி அக்கவுண்டுக்கு போவுது. உழவு எங்களுது, வெதை எங்களுது, ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தா மோட்டார் போட ஓடறது எங்கப்பா. பட்டால பேர் இல்லன்னா நீ விவசாயியே இல்ல. சட்டம் அப்படித்தான், எனக்குத் தெரியும், பிஎம் கிசான்ல குத்தகைக்காரனுக்கு எடமே இல்ல.

ஆறாயிரம்கூட போவட்டும். நெல்லு அறுத்தா அரசு கொள்முதல் நிலையத்துல 2025-26 சீசன்ல சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2545, பொது ரகம் 2500. அங்க போட சிட்டாவும், எந்த நிலத்துல யார் என்ன பயிர் பண்றாங்கன்னு விஏஓ எழுதற அடங்கலும் கேக்கறாங்க. அடங்கல்ல எங்கப்பா பேர ஏத்த நிலத்துக்காரர் ஒத்துக்க மாட்டார், ஏத்தினா நாளைக்கு நிலம் என்னுதுன்னு கேஸ் போட்டுடுவானோன்னு பயம். அவர் பயமும் சும்மா இல்ல, 1955-லயே குத்தகைக்காரன திடீர்னு வெளியேத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனால எல்லாம் வாய்ப்பேச்சுலயே ஓடுது. எங்கப்பா களத்துலயே யாவாரி கேட்ட வெலைக்கு போட்டுட்டு வர்றாரு. அந்த வித்தியாசத்துல ஒரு ஏக்கருக்கு எத்தன ஆறாயிரம் போவுதுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

உங்கப்பா நிவாரணப் பணத்த எடுத்து அப்படியே குடுத்திருக்காரே, அவருக்கு ஒரு கும்பிடு. நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்றேன். கிசான்ல மாமாவுக்கு சட்டப்படி ஒன்னும் கிடையாது. ஆனா அடங்கல்ல சாகுபடி பண்றவர்னு அவர் பேர ஏத்தி விடுங்க. விஏஓ எழுதிக் குடுத்தா பயிர் இன்சூரன்ஸ் அவர் பேர்லயே போடலாம், அதுல குத்தகைக்காரனுக்கும் எடம் உண்டு, சம்பா நெல்லுக்கு ஒன்றரை பர்சன்ட்தான் பிரிமியம், குறுவைன்னா ரெண்டு. அடுத்த புயலுக்கு நிவாரணமும் அவருக்கே வரும். அதுக்கு மனசு வந்தா அந்த ஆறாயிரத்த நீங்களே வச்சுக்கங்க.

மடிவாளா_மச்சி

ஜெயநகர்ல ரெண்டு வீடா, ஐயோ. அந்தப் பாட்டி நம்பர் குடுங்க, தத்தெடுத்துக்கச் சொல்றேன்.

ராகிமுத்தே

நானும் இதே மாதிரி அலைஞ்சவதான், எங்கம்மா பாலக்கோடு. அக்ரி தாத்தா சொன்னது கரெக்ட், ஆனா பதிஞ்சு அப்ரூவல் ஆன பிறகு பணம் எந்த அக்கவுண்டுக்கு போகுதுங்கறதுல பெரிய குழப்பம் இருக்கு, அதைச் சொல்லிடறேன்.

நீங்க ஃபார்ம்ல எந்த பேங்க் நம்பர் குடுத்தாலும் அது பெருசில்ல, ஆதார் எந்த அக்கவுண்டோட கடைசியா லிங்க் ஆகி இருக்கோ அங்கதான் விழும். எங்கம்மா மகளிர் உரிமைத் தொகைக்காக 2023-ல வேற ஒரு பேங்க்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சாங்க, அப்ப ஆதார் அங்க மாறிடுச்சு. கிசான் பணம் வரலன்னு பழைய பாஸ்புக்க தூக்கிட்டு பேங்க் பேங்கா நாங்க அலைய, பணம் பாட்டுக்கு புது அக்கவுண்ட்ல மூணு தவணை உக்காந்திருந்தது. ஆதார் வெப்சைட்ல உள்ள போய் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு பாத்தா எந்த பேங்க்னு காட்டும், ஒரு நிமிஷ வேலை. எதுவுமே லிங்க் ஆகலன்னா போஸ்ட் ஆபீஸ் பேமென்ட்ஸ் பேங்க்ல ஒன்னு ஆரம்பிச்சிடுங்க, எங்க ஊர் போஸ்ட்மேன் வீட்டுக்கே மெஷின் எடுத்துட்டு வந்து போட்டுட்டு போனார்.

மெஷின்னதும் ஞாபகம் வருது. ஈகேஒய்சிக்கு (ஆதார வச்சு ஆள சரிபாக்கறது) அம்மா கைரேகை விழவே இல்ல. புளி உடைச்சு உடைச்சு, களை பறிச்சு, கட்டைவிரல் ரெண்டும் வழுவழுன்னு தேஞ்சு போய் கண்ணாடி மாதிரி இருக்கு. சென்டர்ல பையன் தேங்கா எண்ணெய் தடவி பாத்தான், ஈரத்துணில துடைச்சு பாத்தான், ஆள்காட்டி விரல், மோதிர விரல்னு பத்தும் ட்ரை பண்ணான், மெஷின் சிவப்பு லைட்டுதான். ஓடிபி போடலாம்னா ஆதார்ல இருந்த போன் நம்பர் எப்பவோ செத்துப்போன சிம்மு. கடைசில பிஎம் கிசான் ஆப்ல முகத்த காட்டி பண்ற வசதி இருக்குன்னு தெரிஞ்சு, திண்ணைல வெளிச்சத்துல உக்கார வச்சு கண்ணு சிமிட்ட சொல்லி முடிச்சேன். அதே போன்ல பக்கத்து வீட்டு ஆயாவுக்கும் பண்ணி விட்டேன், ஒரு போன்ல மத்தவங்களுக்கும் பண்ணலாம்.

இன்னொன்னு, மகளிர் உரிமைத் தொகை அம்மா வாங்கறாங்கன்னா பாத்துக்கங்க. அதுல குடும்பம்னா ரேஷன் கார்டு. நீங்க டாக்ஸ் கட்றவர், உங்க பேர் இன்னும் அம்மா கார்டுலயே இருந்தா அது இடிக்கும். நிலத்துல பிரச்சனை இல்ல, நஞ்சை அஞ்சு ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கர் வரைக்கும் விடறாங்க.

ஊத்தங்கரை2பெங்களூரு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல. ரேஷன் கார்டுல இருந்து என் பேர கல்யாணம் ஆனப்பவே எடுத்தாச்சு, அந்தக் கவலை இல்ல.

வாரக்காரன் மகன் அண்ணா, நீங்க சொன்னத அம்மாகிட்ட போன்ல படிச்சே காட்டினேன். அடங்கல்ல மாமா பேர ஏத்தறதுக்கு அம்மா உடனே சரின்னுட்டாங்க, சித்தப்பாதான் குதிக்கறார், "இன்னிக்கு அடங்கல், நாளைக்கு கோர்ட்டு"ன்னு. பேசிப் பாக்கறேன்.

அக்ரி தாத்தா ஐயா, இன்னும் ரெண்டு சந்தேகம். பட்டாவ முழுசா அம்மா பேருக்கு மாத்தணுமா, இல்ல நான், அக்கா, அம்மா மூணு பேரும் கூட்டுப்பட்டால இருந்தா அம்மாவுக்கு பணம் வருமா? ஆகஸ்ட்ல விழுந்த 2000 அப்படியே அக்கவுண்ட்லதான் இருக்கு. சித்தப்பா ஏடிஎம் கார்டு இருக்குல்ல, எடுத்துடுன்னு சொல்றார், அத எடுக்கலாமா?

அக்ரி_தாத்தா

ஏடிஎம்ல எடுக்காதீங்க தம்பி. இறந்தவர் அக்கவுண்ட்ல இருந்து எடுத்தா அது வேற வம்பு. பேங்க்ல இறப்புச் சான்று குடுத்து நாமினி யாரோ அவங்க மூலமா க்ளோஸ் பண்ணுங்க. அந்த ஆகஸ்ட் பணம் 20-வது தவணை, உண்மைல ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் உள்ள காலத்துக்கானது, லேட்டா விட்டாங்க. அப்பா அந்த காலத்துல கொஞ்ச நாள் உயிரோட இருந்திருக்கார், அதனால வாதம் பண்ணலாம்தான், ஆனா நாமளா முடிவு பண்ணக் கூடாது. உங்க வட்டார வேளாண் விரிவாக்க மையத்துல இறப்புச் சான்று நகலோட ஒரு மனு எழுதிக் குடுத்து, இந்த தேதில இறந்தார், இந்த தவணை அதுக்கு அப்புறம் வந்திருக்கு, என்ன பண்ணணும்னு கேளுங்க. நகல்ல சீல் போட்டு வாங்கிக்கோங்க. திருப்பிக் கட்டச் சொன்னா வெப்சைட்லயே ரீஃபண்ட் பகுதி இருக்கு, அதுல கட்டிடலாம். இப்படி தெரிவிச்சாதான் அப்பா பதிவை இறந்தவர்னு மூடுவாங்க, அதுக்கப்புறம்தான் அதே சர்வே நம்பர்ல அம்மா பதிவு சிக்கல் இல்லாம ஏறும். முக்கியமா, அப்பா போன் நம்பர இப்போதைக்கு ரீசார்ஜ் பண்ணி உயிரோட வச்சிருங்க, ஸ்டேட்டஸ் பாக்க ஓடிபி அந்த நம்பருக்குதான் வரும்.

பட்டா விஷயம், கூட்டுப்பட்டாவே போதும். ஒரே பட்டால பல குடும்பம் இருந்தா ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியா பாப்பாங்க. அம்மா தகுதி, அம்மாவுக்கு வரும். நீங்க டாக்ஸ், உங்களுக்கு வராது. அக்கா வீட்டுக்காரர் பெமல்ல இருக்கார்னா அது மத்திய அரசு கம்பெனி, கடைநிலை வேலையா இல்லாட்டி அக்காவுக்கும் வராது. சித்தப்பா சொன்ன மாதிரி மொத்தத்தையும் உங்க பேருக்கு மாத்தினா அம்மாவுக்கு வர்றதும் போயிடும். முழுசா அம்மா பேருக்கே வேணும்னா நீங்களும் அக்காவும் உங்க பங்க விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியணும், அதுக்கு செலவு இருக்கு, ஆறாயிரத்துக்காக அத பண்ணாதீங்க. பின்னாடி அம்மா காலத்துக்கு அப்புறம் திரும்ப உங்களுக்கே வர வேண்டிய நிலம்.

முதல் வேலை வாரிசு சான்று, ஈ-சேவைல 60 ரூபா கட்டி போடலாம், விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பாத்து தாசில்தார் குடுப்பார். அத வச்சு உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதலுக்கு போடுங்க, சர்வேயர் வந்து அளக்கற வேலை இருக்காது, சீக்கிரம் முடியும். பட்டால அம்மா பேர் ஏறினதும் விவசாயிகளுக்கு தனி அடையாள எண் குடுக்கறாங்களே, அத பதிஞ்சுடுங்க, காசு கிடையாது, யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. அந்த எண் இல்லாம இனிமே எந்த மானியத்துக்கும் போக முடியாத நிலைமைதான் வந்துட்டு இருக்கு. அதுக்கு அப்புறம் கிசான்.

வாரக்காரன் மகன் எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். நான் சர்வீஸ்ல இருந்தப்ப கணக்கெடுக்கப் போனா வயல்ல நிக்கறவர் ஒருத்தர், பேப்பர்ல இருக்கவர் வேற ஒருத்தர், நாங்க பேப்பர்ல இருக்கவர் பேரத்தான் எழுதிட்டு வருவோம். பார்லிமென்ட் நிலைக்குழு 2024 டிசம்பர்ல ஆறாயிரத்த பன்னெண்டாயிரம் ஆக்குங்க, குத்தகைக்காரங்க, விவசாயக் கூலிங்களுக்கும் குடுங்கன்னு பரிந்துரை பண்ணுச்சு, அதோட சரி. 2019-ல குடுத்த அதே 2000 இன்னும் 2000-தான், டிஏபி உரம் மூட்டை 1350 விக்குது, ஒரு தவணைல ஒரு மூட்டை வாங்கினா கூலிக்கு மீதி என்ன இருக்கும். உங்க மாமாவுக்கு உதவணும்னா எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, அந்த ஒரு ஏக்கர் கிணத்துப் பாசனத்துக்கு சொட்டு நீர் போடுங்க. அம்மா பேர்ல சிறு குறு விவசாயி சான்று வாங்கினா 100 சதவீதம் மானியம். கிசான் பணத்தவிட பல மடங்கு பெருசு, பலன் வயல்ல நிக்கறவருக்கு நேரா போகும். குழாய மண்ணுல புதைக்க வேண்டிய ஆழம், ஃபில்டர் எல்லாம் நேர்ல நின்னு பாருங்க, கம்பெனிக்காரங்க மேலோட்டமா இழுத்து விட்டுட்டு போட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க.

வாரக்காரன்_மகன்

தாத்தா, சொட்டு நீர் போட்டா நிலத்துக்காரர் அடுத்த வருஷமே வேற ஆளுக்கு கூடுதல் குத்தகைக்கு விட்டுடுவாரு, எங்க ஊர்ல அதுதான் நடக்குது. இவரு அப்படி இல்லன்னு நெனைக்கறேன். ஆந்திரால குத்தகைக்காரங்களுக்குன்னே சாகுபடி கார்டு குடுக்கறாங்க, பதினொரு மாசத்துக்கு, நில உரிமைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. சித்தப்பா மாதிரி பயப்படறவங்களுக்கு அப்படி ஒன்னு இங்கயும் இருந்தா பாதி சண்டை தீந்துடும்.

ஊத்தங்கரை2பெங்களூரு

சொட்டு நீர் ஐடியா அம்மாவுக்கும் மாமாவுக்கும் பிடிச்சிருக்கு, ஐயா. பொங்கலுக்கு ஊருக்கு போறப்ப வாரிசு சான்றுக்கு போட்டுட்டு வந்துடறேன். அம்மா, நான், அக்கா மூணு பேர் ஆதார், அப்பா இறப்புச் சான்று, வேற என்ன எடுத்துட்டு போகணும்?

அக்ரி_தாத்தா

அப்பாவோட அம்மா இருக்காங்களா? இருந்தா அவங்களும் வாரிசுதான், இந்து வாரிசுரிமைச் சட்டத்துல பெத்த தாய்க்கும் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு சமமா ஒரு பங்கு. நிறைய பேர் பாட்டிய விட்டுட்டு மூணு பேர்னு எழுதிக் குடுத்துடறாங்க, விஏஓ ஊர்ல விசாரிச்சா திருப்பி அனுப்பிடுவார்.

ஊத்தங்கரை2பெங்களூரு

பாட்டி இருக்காங்க ஐயா, சித்தப்பா வீட்டுலதான். ஆதார்ல பேர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல வேற மாதிரி இருக்கு.

ராகிமுத்தே

அப்ப பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கிளம்புங்க, முதல்ல ஆதார் சென்டர்ல பாட்டி பேர சரி பண்ணிட்டு அப்புறம் ஈ-சேவைக்கு போங்க. பொங்கல் வாரத்துல ஒரு ஆபீசும் திறந்திருக்காது.